யாரோடு பேசப்போகிறீர்கள்? ஹெல்மெட் இன்டர்காம் வாங்குவதற்கு முன்

ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூரின் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் உட்லண்ட்ஸ் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் என் மனைவி. எங்களுக்குள் ஒரு தட்டுக் கணக்கு உண்டு. தோளில் ஒரு முறை தட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டு முறை தட்டினால் மழை வருகிறது என்று பொருள். அன்றைக்கு இரண்டு தட்டு விழுந்தது. வானமும் கறுத்துக்கொண்டுதான் வந்தது. அடுத்த மேம்பாலத்துக்குக் கீழே மோட்டார்சைக்கிள்கள் மழைக்கு ஒதுங்கும் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்தலாம் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்தேன். மறுபடியும் இரண்டு தட்டு. இடது கையைத் தூக்கி 'சரி, தெரியுது' என்று காட்டினேன்.

மேம்பாலத்தின் கீழே நிறுத்தி இறங்கிப் பார்த்தால், அவள் துப்பட்டாவின் ஒரு முனை கிழிந்து, சங்கிலி எண்ணெய்க் கறையோடு தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் பறந்து பின்சக்கரத்துப் பக்கம் போயிருக்கிறது. மிச்சத்தை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைத் தட்டியிருக்கிறாள்.

"ஏங்க, எவ்ளோ கத்தினேன், கேக்கவே இல்லையா?"

"ஒண்ணுமே கேக்கலம்மா."

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. இருந்தும் கேட்கவில்லை. அந்த வாரமே இன்டர்காம் வாங்கினேன். முதலில் வாங்கியது தவறான ஒன்று. ஏன் தவறு என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

ஹெல்மெட் இன்டர்காம் என்பது பெரிய மர்மம் இல்லை. காதுக்கு ஒன்றாக இரண்டு தட்டையான ஸ்பீக்கர்கள், பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகலம். வாய்க்கு அருகே ஒரு மைக். ஹெல்மெட்டின் வெளிப்பக்கம் மாட்டும் ஒரு சிறு பெட்டி. பேட்டரியும் பொத்தான்களும் ஆன்டெனாவும் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். பெட்டியை எப்போதும் இடது பக்கம் மாட்டுவார்கள். வலது கை ஆக்சிலரேட்டரை விடக்கூடாது, பொத்தானை இடது கைதான் தேட வேண்டும் என்பதே காரணம். கடையில் பார்க்கும்போது கையுறை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறுங்கையில் சுலபமாக இருப்பது கையுறையில் அப்படி இருப்பதில்லை.

இந்தப் பெட்டி இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். முதல் வேலை, உங்கள் கைத்தொலைபேசியோடு புளூடூத்தில் இணைந்து வழிகாட்டும் குரல், அழைப்பு, பாட்டு ஆகியவற்றைக் காதுக்குக் கொண்டுவருவது. கூகல் வரைபடம் தமிழிலேயே வழி சொல்லும், கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வேலை, இன்னொரு ஹெல்மெட்டில் இருக்கும் பெட்டியோடு நேராகப் பேசுவது. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் இன்டர்காம் என்று பெயர். இதற்கு சிம் அட்டை வேண்டாம், டேட்டா வேண்டாம். கேமரன் மலை ஏறும்போது கைத்தொலைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாவிட்டாலும் பின்னால் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

"காதில் மாட்டும் வயர்லெஸ் இயர்பட் வீட்டில் இருக்கிறதே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். இயர்பட்டுக்குத் தெரிந்தது கைத்தொலைபேசி மட்டும்தான். இருவர் பேச வேண்டுமென்றால் ஒருவர் மற்றவரை அழைத்து, வழி நெடுக அந்த அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்க வேண்டும். எல்லை தாண்டினால் ரோமிங். ஹெல்மெட்டைத் தலையில் இறக்கும்போது இயர்பட் இடம் மாறும், சில நேரம் கழன்று உள்ளேயே விழும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சரிசெய்ய வழி கிடையாது. அதன் மைக்கும் காற்றில் பேசுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. வேண்டாம்.

கடைக்கார அண்ணன் கேட்ட கேள்வி

முதலில் வாங்கியதை நான் இணையத்தில் பார்த்து வாங்கினேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 'ஒரு கிலோமீட்டருக்கு மேல் எட்டும்' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துதான் மயங்கினேன். அது வேலை செய்தது, உண்மைதான். ஆனால் விரைவுச்சாலையில் 80ஐத் தொட்டதும் மனைவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். முழு வால்யூமில் வைத்தும் பாதி வார்த்தைகள் கேட்காது. உபி பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

கடைக்காரர் ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க யார்கூடப் பேசப்போறீங்க?" என்றார்.

"பின்னாடி உக்கார்ற வீட்டுக்காரம்மாகூடத்தான் அண்ணே."

"அவங்க ஒரு கிலோமீட்டர் தூரத்துலயா உக்கார்றாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் இன்டர்காம் வாங்கப் போகும் எல்லோரிடமும் நான் இப்போது கேட்கிறேன். பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு மட்டும் பேசப்போகிறீர்களா? இன்னொரு வண்டியில் வரும் நண்பரோடா? ஐந்தாறு வண்டிகள் சேர்ந்து மலேசியா போகும் கூட்டத்தோடா? பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

பின்னால் இருப்பவரோடு மட்டும் என்றால் எட்டும் தூரம் என்ற எண்ணை மறந்துவிடலாம். கார்டோ நிறுவனத்தின் மலிவான ஸ்பிரிட் வகைக்கு 400 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு பேச அதுவே தாராளம். தூரத்துக்குக் கொடுக்கும் பணத்தை எடுத்து நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

விளம்பரத்தில் போடும் தூரம் திறந்தவெளியில், இருவருக்கும் நடுவே எதுவுமே இல்லாமல் அளந்தது என்பதையும் மனத்தில் வையுங்கள். இந்தக் கருவிகள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கட்டடத்தையோ பெரிய லாரியையோ எளிதில் ஊடுருவாது. தீவு விரைவுச்சாலையில் உங்களுக்கும் நண்பருக்கும் நடுவே இரண்டு கன்டெய்னர் லாரிகள் நுழைந்துவிட்டால், பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தில் ஒரு பகுதிதான் கைக்கு வரும்.

சங்கிலியும் வலையும்

இன்னொரு வண்டியோடு பேசத் தொடங்கும்போதுதான் புளூடூத், மெஷ் என்ற இரண்டு சொற்கள் வரும்.

கோயில் அன்னதானத்தில் வரிசையாக நின்று சாதப் பாத்திரங்களைக் கைமாற்றிக் கொடுப்போமே, புளூடூத் இன்டர்காம் கூட்டம் அப்படித்தான். ஒவ்வொரு பெட்டியும் தனக்கு முன்னால் இருப்பதோடும் பின்னால் இருப்பதோடும் மட்டும் கைகோத்திருக்கும். முதல் வண்டிக்காரர் பேசுவது இரண்டாவது வண்டி வழியாகத்தான் மூன்றாவதற்குப் போகும். நடுவில் ஒருவர் பெட்ரோல் போட ஒதுங்கினால் வரிசை அறுந்துவிடும். மறுபடி சேர்க்க வேண்டுமென்றால் எந்த வண்டி எதோடு கோத்திருந்தது என்ற வரிசை சரியாக நினைவிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. நான்கு வண்டி என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

மெஷ் என்றால் வலை. பெயருக்கு ஏற்ற குணம். ஒவ்வொரு பெட்டியும் எட்டுகிற தூரத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளோடும் பேசும். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் பேச்சு வேறு முடிச்சு வழியாகப் போகும். பின்தங்கிய வண்டி அருகே வந்ததும் யாரும் எதையும் அழுத்தாமலே தானாகக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். கார்டோ 2015இல் பேக்டாக் வகையில் இதைக் கொண்டுவந்தது. சேனா நிறுவனம் 2018இல் 30கே வகையில் கொண்டுவந்தது. கார்டோவின் பேக்டாக் எட்ஜில் 15 பேர் வரை ஒரே கூட்டத்தில் இருக்கலாம், வண்டிக்கு வண்டி 1.6 கிலோமீட்டர் வரை என்று நிறுவனம் சொல்கிறது. சேனாவின் 50எஸ் வகையில் தனிக்குழுவில் 24 பேர் வரை சேரலாம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். கார்டோவின் மெஷ்ஷும் சேனாவின் மெஷ்ஷும் ஒன்றோடொன்று பேசாது. வேறு நிறுவனப் பெட்டிகளை புளூடூத் வழியாக இணைக்கும் வழி பெரும்பாலானவற்றில் உண்டு. ஒரு பெட்டி, தன்னைக் கைத்தொலைபேசி என்று மற்றப் பெட்டியை நம்பவைக்கும் ஏற்பாடு அது. செய்யலாம், ஆனால் தொல்லை. அதனால் கூட்டமாகப் போகிறவர் என்றால், கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எட்டுப் பேரில் ஆறு பேர் ஒரே நிறுவனத்தின் மெஷ் வைத்திருந்தால் உங்கள் தேர்வு முடிந்துவிட்டது. அதைவிடச் சிறந்த கருவி ஒன்று சந்தையில் இருந்தாலும் உங்களுக்கு அதனால் பயன் இல்லை.

சேனாவில் திறந்த மெஷ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே சேனலில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதில் பேசலாம், கேட்கலாம். புதுப் பெட்டி முதல் சேனலில்தான் இருக்கும். வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மோட்டார்சைக்கிள்கள் அடைத்து நிற்கும்போது, அதே சேனலில் இருக்கும் அறியாதவர் ஒருவருக்கு உங்கள் வீட்டுப் பேச்சு கேட்கக்கூடும். குடும்பத்தோடு போகும்போது தனிக்குழுவாக மாற்றிவிடுங்கள்.

கேட்கவில்லை என்றால் வால்யூமைக் கூட்டாதீர்கள்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இது. 'சத்தம் போதவில்லை' என்று இன்டர்காமை மாற்றுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாற்ற வேண்டியது ஸ்பீக்கரின் இடத்தை மட்டும்தான்.

உபி கடைக்காரர் அன்று என் ஹெல்மெட்டில் செய்தது இதுதான். உள் துணியைக் கழற்றினார். ஸ்பீக்கர், காதுக்கென்று விட்டிருக்கும் குழியின் நடுவில் அழகாக ஒட்டியிருந்தது. நான் ஒட்டியதுதான். "உங்க காது இங்க இல்ல தம்பி" என்றார். ஹெல்மெட்டைப் போடச் சொல்லி, கன்னத்துப் பக்கமாக விரலை நுழைத்து என் காதுத் துளை எங்கே வருகிறது என்று தேடச் சொன்னார். ஒன்றரை விரற்கடை முன்னாலும் சற்று மேலேயும் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சின்ன ஸ்பீக்கரின் ஒலி, காதுத் துளைக்கு நேராக இல்லாவிட்டால் சட்டென்று மங்கிவிடும். காதிலிருந்து தள்ளி இருந்தாலும் அப்படியே. பெட்டியோடு வரும் பஞ்சு வில்லையைப் பின்னால் வைத்து, காதில் பட்டும் படாமலும் இருக்கும்படி முன்னுக்குக் கொண்டுவந்தார். அதே மலிவான பெட்டி, அன்று மாலை விரைவுச்சாலையில் இரு மடங்கு தெளிவாகப் பேசியது.

வீட்டில் செய்ய ஒரு வழி சொல்கிறேன். மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, ஹெல்மெட் போட்ட நிலையில் விரலை உள்ளே விட்டு, காதுத் துளைக்கு நேரே உள்சுவரில் பதித்துவிடுங்கள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கரின் நடுப்புள்ளி எங்கே வர வேண்டும் என்று பொட்டு காட்டிக்கொடுக்கும். இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பின்னால் உட்காருபவரின் ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், உங்கள் தலையில் அல்ல.

வால்யூமைக் கூட்டுவது ஏன் தீர்வு ஆகாது? விரைவுச்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 90 டெசிபலைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் வேலையிடத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காது தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் ஒரு மணி நேரம்தான். அந்த இரைச்சலையும் மீறிக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரைக் கூட்டினால், ஏற்கனவே அடிபடும் காதுக்கு மேலும் ஓர் அடி. தினமும் ஜோகூர் பாருவிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். காது ஒரே நாளில் போகாது. மெல்ல மெல்லப் போகும், போனது திரும்பாது.

வழி என்னவென்றால் இரைச்சலைக் குறைப்பது. கழுத்துப் பக்கம் இடைவெளி இல்லாமல் பொருந்தும் ஹெல்மெட், சரியாக மூடும் கண்ணாடி, அப்புறம் காதடைப்பான். காதடைப்பான் போட்டால் இன்டர்காம் எப்படிக் கேட்கும் என்று நானும் முதலில் சந்தேகப்பட்டேன். கேட்கிறது. காற்றின் 'ஹோ' என்ற முழக்கம் அடங்கிவிடுவதால் பேச்சு தனித்துத் தெரிகிறது. மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே காற்றிரைச்சலை வடிகட்டிப் பேச்சை விடும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. நீண்ட பயணத்தில் நாங்கள் இருவரும் அவற்றைப் போடாமல் கிளம்புவதில்லை.

மைக் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகம் முழுதும் மூடும் ஹெல்மெட்டுக்குக் கம்பியோடு வரும் சிறிய மைக், தாடைப் பகுதியின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் பலர் போடும் திறந்த முக ஹெல்மெட்டுக்கு வளையும் தண்டோடு வரும் மைக் வேண்டும். சில பெட்டிகளில் இரண்டும் இருக்கும், சிலவற்றில் ஒன்றுதான் இருக்கும். வாங்கும்போது கேளுங்கள். தண்டு மைக்கின் ஒரு பக்கத்தில் புள்ளியோ அம்புக்குறியோ இருக்கும். அந்தப் பக்கம்தான் வாயைப் பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால் எதிராளிக்குக் காற்று மட்டும் கேட்கும். மைக்கின் தலையில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு பஞ்சு உறை இருக்கிறதே, அதுதான் காற்றை முதலில் தடுப்பது. அது தொலைந்துவிட்டால் எந்த விலை உயர்ந்த கருவியின் இரைச்சல் நீக்கும் வசதியாலும் ஈடுகட்ட முடியாது. கூடுதலாக இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் உட்காருபவருக்கே நல்லது

பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? ஓட்டுகிறவருக்கு விலை உயர்ந்த ஹெல்மெட், நல்ல இன்டர்காம். பின்னால் உட்காருபவருக்குப் பழைய ஹெல்மெட், ஏதோ ஒரு பெட்டி. இதை நான் தலைகீழாக மாற்றச் சொல்வேன்.

பின்னிருக்கை பெரும்பாலும் முன்னிருக்கையைவிட உயரம். ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டில் மோதிக் கலைந்த காற்று நேராகப் பின்னால் இருப்பவரின் முகத்தில்தான் அடிக்கிறது. அவருக்குத்தான் இரைச்சல் அதிகம். அவருக்கு முன்னால் சாலையும் தெரியாது, எப்போது பிரேக் பிடிக்கப்போகிறீர்கள் என்றும் தெரியாது. 'முன்னால லாரி நிக்குது, மெதுவாப் போறேன்' என்ற ஒரு வரி அவருக்குக் கிடைத்தால், அவர் உடலைத் தயார்படுத்திக்கொள்வார், உங்கள் ஹெல்மெட்டில் வந்து மோதமாட்டார். நல்ல ஸ்பீக்கர் அவருக்குத்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பின்னால் ஏற்றக்கூடாது. எங்கள் மகளுக்கு இப்போது 13. அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது இன்டர்காமின் மிகப் பெரிய பயன் எதுவென்று கேட்டால், அவள் தூங்கவில்லை என்று தெரிந்துகொள்வதுதான். சாங்கியிலிருந்து இரவில் திரும்பும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது கேட்பேன். "என்னம்மா, பசிக்குதா?" "இல்லப்பா." பதில் வரத் தாமதமானால் அடுத்த வெளிவழியில் இறங்கி, ஓரமாக நிறுத்தி, ஐந்து நிமிடம் காலை நீட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். பிள்ளையின் ஹெல்மெட் சிறியது. பெரியவர்களுக்கான தடித்த ஸ்பீக்கர் காதை அழுத்தி அரை மணியில் வலி எடுக்கும். மெல்லிய ஸ்பீக்கர் உள்ள வகையைப் பார்த்து வாங்குங்கள்.

இருவருக்குமாகச் சேர்த்து வாங்கும்போது இரட்டைப் பெட்டியாகக் கேளுங்கள். தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறைவு, பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இணைத்து அனுப்பியிருப்பார்கள்.

மழை, வெயில், பேட்டரி

நம் ஊர் மழைக்கு முன்னால் 'தண்ணீர் தெறித்தால் தாங்கும்' என்ற சொல் போதாது. பெட்டியில் ஐபி67 என்று இருக்கிறதா பாருங்கள். முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே போகாது, இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்தான் அந்த உறுதி. அது தளர்ந்துபோனால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வியர்வையும் தண்ணீர்தான், உப்புத் தண்ணீர். மாதம் ஒரு முறை பெட்டியைக் கழற்றி, உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது.

நல்ல கருவிகள் ஒரு சார்ஜில் பத்து மணி நேரத்துக்கு மேல் பேசும். ஹெல்மெட்டைத் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் வெயிலில் விட்டுப் போனால் பேட்டரியின் ஆயுள் குறையும். பெட்டியை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், திருட்டுக்கும் அது பாதுகாப்பு.

துளை போடாதீர்கள்

பெட்டியை மாட்டக் கவ்வியும் உண்டு, ஒட்டும் தகடும் உண்டு. கவ்விக்கு ஹெல்மெட்டின் ஓரத்தில் இடம் வேண்டும், சில ஹெல்மெட்டுகளில் ஓர ரப்பர் தடித்திருந்தால் நுழையாது. அப்போது ஒட்டும் தகடு. எதுவானாலும் சரி, ஹெல்மெட்டில் துளை போடாதீர்கள், ஸ்பீக்கருக்கு இடம் வேண்டும் என்று உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற வெள்ளை அடுக்கைச் சுரண்டாதீர்கள். விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். அதைச் சுரண்டி எடுத்தபின் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் அங்கீகார ஸ்டிக்கருக்கு ஒரு பொருளும் இல்லை. இன்டர்காமுக்கென்றே குழி விட்டுச் செய்த ஹெல்மெட்டுகள் இருக்கின்றன. ஷோய் நிறுவனத்தின் நியோடெக் 2 ஹெல்மெட்டுக்கு சேனா தனியாக ஒரு கருவியே செய்தது, வெளியே துருத்தாமல் உள்ளேயே அடங்கிவிடும். புது ஹெல்மெட்டும் சேர்த்து வாங்கப்போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒன்றாக யோசியுங்கள்.

சட்டத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இங்கே குற்றம், ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடித்து இயக்குவது. முதல் முறையிலேயே 1,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம், இரண்டும்கூட. இன்டர்காம் இருந்தால் கைத்தொலைபேசி பைக்குள்ளேயே கிடக்கட்டும், அதைத் தொட வேண்டிய தேவையே வராது.

எவ்வளவு செலவழிக்கலாம்

இருவர் மட்டும் பேசும் எளிய புளூடூத் வகை ஒன்று சுமார் 100 வெள்ளியிலிருந்து கிடைக்கும். பெயர்பெற்ற நிறுவனங்களின் நடுத்தர வகை 200, 300 வெள்ளிப் பக்கம். உயர்தர மெஷ் வகை 400, 500 என்று போகும், இரண்டு ஹெல்மெட்டுக்கு அதை இரட்டித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரோடும் பிள்ளையோடும் மட்டும் போகிறவர் மெஷ்ஷுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, நடுத்தர புளூடூத் இரட்டைப் பெட்டி போதும் என்பது என் முடிவு. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கூட்டமாக வடக்கே போகிறவர் மெஷ் வாங்கட்டும், தயங்க வேண்டாம். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் தனியாக ஓடுகிறவருக்கு இன்டர்காமே வேண்டாம், கைத்தொலைபேசியோடு மட்டும் இணையும் எளிய ஹெட்செட் போதும். அதில் மிச்சமாகும் பணத்தைக் காதடைப்பானுக்கும் கண்ணாடிக்கும் போடலாம்.

வாங்கியதும் நேராக நெடும்பயணம் கிளம்பாதீர்கள். வீட்டிலேயே உட்கார்ந்து நிறுவனத்தின் செயலியில் மென்பொருளைப் புதுப்பித்து, இரண்டு ஹெல்மெட்டையும் இணைத்து, ஒருவர் படுக்கையறையிலும் ஒருவர் சமையலறையிலும் நின்று பேசிப் பாருங்கள். அப்புறம் அருகில் ஒரு விரைவுச்சாலையில் இரண்டு வெளிவழி தூரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே கேட்பதுதான் உண்மையான சத்தம், கடைக்குள் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

இன்னொன்றையும் கிளம்புவதற்கு முன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேச முடிகிறது என்பதற்காகப் பேசிக்கொண்டே போகக்கூடாது. எங்களுக்குள் ஒரு சொல் இருக்கிறது, 'பொறு'. நான் அதைச் சொன்னால் மனைவி எந்தக் கதையின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுவாள். சந்திப்பு, தடம் மாறுவது, ஜோகூர் போகும் கடற்பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே நுழைவது, சோதனைச்சாவடி, இங்கெல்லாம் 'பொறு'தான். தாண்டியதும் நான் "சரி, சொல்லும்மா" என்பேன். அவளுக்கும் ஒரு சொல் உண்டு, 'நிறுத்து'. அதைக் கேட்டால் நான் காரணம் கேட்பதில்லை, சிக்னல் போட்டு இடது ஓரம் ஒதுங்குகிறேன். காரணத்தை வண்டி நின்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம்.